“ச்சேர், இவன் அழுறான்!” – வாசகர் கேள்வி பதில்

ஜனவரி வந்தால் எனக்கு வரும் கடிதங்களின் குணமே மாறிவிடும். அதுவரை தேர்வு, மதிப்பெண், துணைப்பாடம் என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று வாந்தி, மூத்திரம், மூக்குக்குள் போன பாசிமணி என்று எழுத ஆரம்பிப்பார்கள். புதிதாகத் தொடக்கநிலை 1க்கு வந்த பிள்ளைகள், புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்கள், இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பதறிக்கொண்டிருக்கும் மாதம் இது. முப்பது வருடத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள், ‘டீச்சர்’ அவர்கள் வாயில் சுருங்கி ‘ச்சேர்’ ஆனவள் என்பதால் என்னிடம் கேட்கிறீர்கள், சரி. ஆனால் கீழே வரும் பாதிக் கேள்விகளில் நான் முதலில் செய்தது தப்பு, அதையும் சேர்த்தே சொல்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன், சிங்கப்பூரில் எந்த வட்டாரம் என்பது மட்டும் இருக்கிறது.

ஈசூன், பாலர் பள்ளித் தமிழாசிரியை: “டீச்சர், நான் வேலையில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கே2 வகுப்பில் (பாலர் பள்ளியின் கடைசி ஆண்டு) கதை சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டான். மற்ற பிள்ளைகள் ஓவென்று சிரித்தார்கள். நான் பதறிப்போய், ‘ஏன் முன்னாடியே சொல்லல?’ என்று கேட்டுவிட்டேன். மறுநாளிலிருந்து தமிழ் வகுப்பு என்றாலே அழுகிறானாம். நான் என்ன செய்திருக்க வேண்டும்?”

அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் அதைக் கேட்காத டீச்சரை நான் இன்னும் பார்க்கவில்லை, கண்ணாடியில் தெரிபவரையும் சேர்த்து.

என் கதையைக் கேளுங்கள். தொண்ணூறுகளில், தொடக்கநிலை 1 வகுப்பில், நான் ஒரு விதி வைத்திருந்தேன். கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் முழு வாக்கியத்தில் தமிழில் கேட்க வேண்டும். வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைகள் ஒரு நாளைக்கு ஒரு முழு வாக்கியமாவது தமிழில் சொல்லட்டுமே என்ற நல்லெண்ணம்தான். ஒரு நாள் முன் வரிசையில் ஒரு பெண் குழந்தை எழுந்து நின்றாள். “ஆசிரியர், நான்...” என்றாள். நான் தலையாட்டினேன். “நான்... கழி... கழிவறைக்கு...” நான் சிரித்த முகத்தோடு, ம், சொல்லு சொல்லு என்று வினைச்சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். வினைச்சொல் வரவில்லை. வெள்ளைக் காலுறை மெதுவாக மஞ்சளாக மாறுவதைத்தான் பார்த்தேன். அவள் அழக்கூட இல்லை. அந்த வாக்கியத்தை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று உதட்டை அசைத்துக்கொண்டே நின்றாள்.

அன்றோடு அந்த விதியை எடுத்துவிட்டேன். சுண்டுவிரலைக் காட்டு, ஓடு, திரும்பி வந்து எனக்கு அந்த வாக்கியத்தைச் சொல்லு. அவ்வளவுதான். வயிறு காலியான பிறகு தமிழ் நன்றாகவே வரும். உங்கள் வகுப்பில் இப்படி ஏதாவது விதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், அவன் ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்பதற்கு அதுவே பதிலாக இருக்கலாம்.

இனி, அந்த நொடியில் என்ன செய்வது என்பது. நனைந்த பிள்ளையை உடனே பார்க்காதீர்கள், மற்றவர்களைப் பாருங்கள். நீங்கள் எங்கே பார்க்கிறீர்களோ அங்கேதான் மொத்த வகுப்பும் பார்க்கும். அவர்களுக்கு முதுகைத் திருப்ப வைக்கும் வேலை ஒன்று கொடுங்கள். நான் கொடுத்தது இது: “எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்புங்க, எதிர் அடுக்குமாடி புளோக்கில் எத்தனை மூங்கில் குச்சியில் துணி காயுது, எண்ணுங்க!” சிங்கப்பூரில் எந்த வகுப்பறை ஜன்னலைத் திறந்தாலும் எண்ணுவதற்கு ஏதாவது இருக்கும், அது ஒரு வரம். அவர்கள் எண்ணிக்கொண்டிருக்கும்போது நீங்கள் அவன் பக்கத்தில் போய்க் குனிந்து, “வா, மாத்திக்கலாம்” என்று மட்டும் சொல்லுங்கள். உதவி ஆசிரியர் இருந்தால் அவருடன் அனுப்புங்கள், அவனுடைய பையை அவன் கையிலேயே கொடுத்து முன்னால் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள், ஈரம் மறையும். தரையில் பழைய செய்தித்தாளைப் போட்டுவிட்டு எண்ணிக்கையைக் கேட்க ஆரம்பியுங்கள். பதினேழு என்று ஒருத்தன், இல்லை பத்தொன்பது என்று ஒருத்தி, சண்டை தொடங்கிவிடும். நல்ல சண்டை.

சிரித்தவர்களைத் திட்ட வேண்டாம், அன்றைக்கு வேண்டவே வேண்டாம். திட்டினால், என்ன நடந்தது என்றே தெரியாமல் கடைசியில் மூக்கைத் தோண்டிக்கொண்டிருந்த நாலு பேருக்கும் விஷயம் தெரிந்துவிடும்.

இப்போது அழுகிறானே, அதற்கு என்ன வழி? வகுப்பு தொடங்கும் முன் வாசலில் அவனைத் தனியாகப் பிடித்து, “அன்னிக்கு டீச்சர் கேட்டது சரியில்ல, உன் மேல ஒரு தப்பும் இல்ல” என்று ஒரே ஒரு முறை சொல்லுங்கள். நீளமாகச் சொன்னால் மறுபடியும் அழுவான். சொன்ன கையோடு படஅட்டைப் பெட்டியை அவன் கையில் கொடுத்து உள்ளே எடுத்துவரச் சொல்லுங்கள். பெட்டி தூக்கி வருபவனுக்கு வகுப்பில் ஓர் இடம் இருக்கிறது பாருங்கள். அப்புறம் அவன் அம்மாவிடம் சொல்ல வேண்டும், ஆனால் பள்ளி வாசலில் நாலு அம்மாக்கள் நடுவில் சொல்லக் கூடாது. பகலில் இப்படி அடிக்கடி நடக்கிறதென்றால் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்று இருக்கலாம். பல பேருக்குத் தெரியாத இன்னொரு காரணம் மலச்சிக்கல்: குடல் நிறைந்து சிறுநீர்ப்பையை அழுத்தும், பிள்ளைக்கு அடக்க முடியாது.

ஜூரோங் வெஸ்ட், தொடக்கநிலை 1 ஆசிரியர்: “என் தமிழ் வகுப்பில் ஒரு மாணவன் திடீரென்று நாற்காலியைத் தள்ளிவிட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறான். இழுத்தால் உதைக்கிறான். விட்டால் மற்ற பிள்ளைகளும் ஒவ்வொருவராக மேசைக்கு அடியில் போகிறார்கள். ‘எங்கள் காலத்தில் என்றால் ஓர் அடியில் முடிந்திருக்கும்’ என்கிறார் வீட்டில் என் அப்பா. அடிக்க முடியாத காலத்தில் ஆசிரியர் என்னதான் செய்வது?”

தம்பி, அடியை முதலில் ஓரமாக வைப்போம். பாலர் பள்ளிகளில் பிள்ளையை அடிக்க அனுமதியே கிடையாது. பள்ளிகளில் பிரம்படி என்று ஒன்று இருந்தாலும் அது கடுமையான குற்றத்துக்கு, ஆண் பிள்ளைகளுக்கு மட்டும், முதல்வரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோதான் கொடுக்கலாம். வகுப்பில் நிற்கும் நீங்களும் நானும் கை ஓங்க முடியாது. அப்பா காலத்திலும் அடியில் முடிந்ததா என்பது எனக்குச் சந்தேகம்தான். அடி வாங்கியவன் அமைதியாக இருந்தான், அவ்வளவுதான் நமக்குத் தெரியும்.

இழுக்காதீர்கள். ஏழு வயதுப் பிள்ளை மேசைக்கு அடியில் இருப்பதால் யாருக்கும் ஆபத்து இல்லை, அங்கே அவன் தன்னைத்தானே அடக்கிக்கொள்ளப் பார்க்கிறான். ஆபத்து எப்போது என்றால், பொருளைத் தூக்கி எறிய ஆரம்பித்தால். அப்போது அவனை வெளியே கொண்டுபோக முயலாமல் மற்றவர்களை வெளியே கொண்டுபோங்கள். ஒருவனைத் தூக்குவதை விட இருபது பேரை வரிசையில் நடக்கவைப்பது எளிது என்று சொன்னால் சிரிப்பீர்கள், செய்து பாருங்கள். நான் வகுப்புக் கதவின் பின்னால் ஒரு சிவப்பு அட்டை தொங்கவிட்டிருந்தேன். பொறுப்பான இரண்டு பிள்ளைகள் அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் போனால் அவருக்குப் புரியும், ஒன்று அவர் வருவார் அல்லது அலுவலகத்திலிருந்து யாராவது வருவார்கள். இதை முதல் வாரத்திலேயே பக்கத்து ஆசிரியரிடம் பேசி வைத்துக்கொள்ள வேண்டும், அவர் சீன ஆசிரியரோ மலாய் ஆசிரியரோ யாராக இருந்தாலும். எல்லாரும் வெளியே போன பிறகு, கதவைத் திறந்து வைத்து, இரண்டு மேசை தள்ளி, அவனுடைய உயரத்துக்குத் தரையில் உட்காருங்கள். பேச வேண்டாம். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்க வேண்டாம், அவனுக்கே தெரியாது. பத்து நிமிடம் ஆகலாம், கால் மரத்துப்போகும், பரவாயில்லை.

மற்ற பிள்ளைகளும் மேசைக்கு அடியில் போகிறார்கள் என்கிறீர்கள். போகட்டுமே. “சரி, எல்லாரும் குகைக்குள்ள போங்க, குகையில என்னென்ன இருக்கும், தமிழ்ல சொல்லுங்க” என்று ஆரம்பித்துவிடுங்கள். ஒருமுறை எனக்குப் புலி, வௌவால், இருட்டு, அப்புறம் “ஐஸ் கச்சாங்” (துருவிய ஐஸில் சர்க்கரைப்பாகு ஊற்றித் தரும் இனிப்பு) என்று வந்தது. குகைக்குள் ஐஸ் கச்சாங் கடை வைத்தவன் இப்போது எங்கே இருக்கிறானோ.

இனிமேல்தான் உங்களுக்கு உண்மையான வேலை. எப்போது நடக்கிறது என்று ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள்: நாள், மணி, எந்த அறை, அதற்குச் சற்று முன்னால் என்ன நடந்தது. தமிழ்ப் பாடத்துக்கு நம் பிள்ளைகள் சொந்த வகுப்பை விட்டு வேறு அறைக்கு வருகிறார்கள் என்பதை நாமே மறந்துவிடுகிறோம். சொந்த வகுப்பில் முப்பது பேர், சொந்த மேசை, சொந்தச் சிநேகிதன். மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு போய் யாருடைய மேசையிலோ உட்கார வேண்டும், அதில் யாருடைய பொருளோ இருக்கும், தொடக் கூடாது. பெரியவர்களான நமக்கே அலுவலகத்தில் நாற்காலி மாறினால் எரிச்சல் வரும்.

என் வகுப்பில் இருந்த ஒரு பையன் புதன்கிழமை மட்டும் காதைப் பொத்திக்கொண்டு கத்துவான். மற்ற நாட்களில் தங்கம். எனக்குப் பிடிபட ஐந்து வாரம் ஆனது, அதுவும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை, அவனே ஒரு நாள் மேலே கையைக் காட்டினான். புதன்கிழமை மட்டும் எங்களுக்கு வேறு அறை. அந்த அறையின் மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டக்’ என்று அடிக்கும். அவன் காட்டும் வரை எனக்கு அது கேட்கவே இல்லை, காட்டிய பிறகு எனக்கு வேறு எதுவும் கேட்கவில்லை. விசிறியை நிறுத்தினேன், வியர்த்துக் கொட்டியது, கத்தல் நின்றது. எல்லாக் கதையும் இவ்வளவு சுலபமாக முடியாது, நான் ஏமாற்ற விரும்பவில்லை. அந்த நோட்டை எடுத்துக்கொண்டு பள்ளி ஆலோசகரிடமோ சிறப்புத் தேவைப் பிள்ளைகளைக் கவனிக்கும் அலுவலரிடமோ போங்கள். “இவன் அடங்கமாட்டேங்குறான்” என்று போவதற்கும் நாலு வாரக் குறிப்போடு போவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. அவனுடைய பெற்றோரிடம் நீங்களாக எந்த நோயின் பெயரையும் சொல்லாதீர்கள், அது நம் வேலை இல்லை.

பொங்கோல், ஒரு தந்தை: “என் மூன்று வயது மகளை வகுப்பில் இன்னொரு குழந்தை கடித்துவிட்டது, பல் தடம் தெரிகிறது. யார் என்று கேட்டால் பள்ளி சொல்ல மறுக்கிறது. இது நியாயமா?”

நியாயம்தான், தம்பி. உங்களுக்குக் கோபம் வருவதும் நியாயம்தான். அந்தப் பெயரைச் சொன்னால் இன்று இரவு பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். நாளைக்கே உங்கள் மகள் யாரையாவது கடித்தால் அவள் பெயரும் அதே மாதிரி காக்கப்படும்.

இரண்டு மூன்று வயதில் கடிப்பது சாதாரணம், வார்த்தை வராத இடத்தில் பல் வருகிறது. யார் என்று கேட்பதை விட்டுவிட்டு இதைக் கேளுங்கள்: எந்த நேரத்தில் நடந்தது, அப்போது பெரியவர் யார் பக்கத்தில் இருந்தார், இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவினார்களா, இனி என்ன மாற்றுவார்கள். இதற்குப் பதில் சொல்ல மறுத்தால் நீங்கள் தாராளமாகக் கோபப்படலாம். தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

உட்லண்ட்ஸ், சமூக மன்றத்தில் வார இறுதித் தமிழ் வகுப்பு நடத்தும் தொண்டூழியர்: “பாடம் முழுவதையும் திரையில் காட்டத் தயார் செய்து கொண்டுபோனேன். புரொஜெக்டர் வேலை செய்யவில்லை. பதினைந்து பிள்ளைகள், ஒன்றரை மணி நேரம், கையில் ஒன்றுமில்லை. பாதி நேரம் வயரைத்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன்.”

வயரை இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆட்டக் கூடாது என்று எனக்கு நானே சட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது நிமிடத்தில் அறையே கையை விட்டுப் போய்விடும்.

என்னிடம் ஒரு பழைய மைலோ டின் இருந்தது, இன்னும் இருக்கிறது. உள்ளே ஒரு கொட்டாங்குச்சி, ஒரு மரக்கரண்டி, கட்டுத்துணி, ஐந்து கூழாங்கல், ஒரு பழைய சாவி, ஏலக்காய் நாலு, மூக்குக் கண்ணாடிக் கூடு. வேறொன்றும் கிடையாது. துணிக்குள் ஒரு பொருளைப் போட்டுக் கட்டி ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்து ஒரு சொல் சொல்லச் சொன்னால் இருபது நிமிடம் ஓடிவிடும். வழவழப்பு, சொரசொரப்பு, கனம், ஜில்லுன்னு இருக்கு. திரையில் ஆயிரம் படம் காட்டினாலும் ‘சொரசொரப்பு’ என்ற சொல் பிள்ளையின் வாயில் அவ்வளவு சரியாக உட்காராது.

அப்புறம் விடுகதை. “கூரை வீட்டைப் பிரித்தால் ஓட்டு வீடு, ஓட்டு வீட்டுக்குள்ளே வெள்ளை மாளிகை, மாளிகைக்குள்ளே ஒரு குளம், அது என்ன?” தேங்காய் என்று நமக்குத் தெரியும். ஒரு சனிக்கிழமை இதைக் கேட்டபோது ஒரு பையன் கையைத் தூக்கி, “ஓட்டு வீடுன்னா என்ன, ச்சேர்?” என்றான். நியாயமான கேள்வி. பன்னிரண்டாவது மாடியில் பிறந்து வளர்ந்தவன், தேங்காயையும் பேரங்காடியில் பாலாகப் பாக்கெட்டில்தான் பார்த்திருக்கிறான். அன்றைக்குப் பாடமே அதுவாகிவிட்டது. கூரை, ஓடு, திண்ணை என்று பலகையில் வரைந்தேன். கடைசியில் அவர்களையே ஒரு விடுகதை கட்டச் சொன்னேன். ஒரு பெண் கட்டியது: “கதவு திறக்கும், ஆள் போவாங்க, கதவு மூடும், ஆள் இல்ல, அது என்ன?” மின்தூக்கி. எனக்கே உடனே தெரியவில்லை.

கையில் ஒன்றுமில்லாமல் பாடம் நடத்தத் தெரிந்திருப்பது இந்த ஊரில் ஆடம்பரம் அல்ல. 2015இல் புகைமூட்டம் மோசமாக இருந்தபோது பிள்ளைகளைத் திடலுக்கு விட முடியவில்லை, ஓய்வு நேரமும் உள்ளேதான் என்று ஆனது. அந்த வருடம் செப்டம்பர் 25ஆம் தேதி தொடக்கப் பள்ளிகளையும் உயர்நிலைப் பள்ளிகளையும் ஒரு நாள் மூடியே விட்டார்கள், முந்தின நாள் மாலையில்தான் அறிவிப்பு வந்தது. வெள்ளிக்கிழமைக்கென்று நான் வெட்டி ஒட்டித் தயாரித்த அட்டைகள் அலமாரியிலேயே கிடந்தன. புகை இல்லாவிட்டால் இடி. காலையில் சுமத்ரா பக்கமிருந்து காற்றும் மழையும் அடித்துக்கொண்டு வரும், மின்னல் எச்சரிக்கை கொடுப்பார்கள், உடற்கல்வி ரத்தாகும், ஓடி விளையாட வேண்டிய பிள்ளைகள் அந்தச் சக்தியை எல்லாம் சேர்த்துக்கொண்டு அப்படியே தமிழ் வகுப்புக்கு வருவார்கள். அன்றைக்கு உட்காரவைத்து எழுதச் சொல்வது வீண் வேலை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் தமிழில் எண்ணச் சொல்லுங்கள். மூன்று நொடி என்றால் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரம். பயந்த பிள்ளைகூட எண்ணும்.

தெம்பனிஸ், வீட்டில் துணைப்பாடம் நடத்தும் ஆசிரியை: “என்னிடம் ஆறு பிள்ளைகள் படிக்கிறார்கள், எல்லாரும் ஐந்திலிருந்து எட்டு வயது. போன வாரம் ஒருத்தி பாசிமணியை மூக்கில் போட்டுக்கொண்டாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. இப்படி எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும்?”

இதற்குச் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். முதலில், பிள்ளைகளின் பெற்றோர் எண்ணைத் தாளில் எழுதிக் கதவில் ஒட்டுங்கள், கைப்பேசியில் தேடிக்கொண்டிருக்கும் நேரம் அதுவல்ல.

மூக்கில் பாசிமணி: நீங்கள் இடுக்கியோ ஹேர்பின்னோ எடுக்கவே கூடாது, உள்ளே தள்ளிவிடுவோம். வாயால் மூச்சுவிடச் சொல்லி, அம்மாவைக் கூப்பிட்டு, மருத்துவரிடம் அனுப்புங்கள். ஆனால் உள்ளே போனது பொத்தான் மாதிரி வட்டமான பேட்டரி என்று சந்தேகம் வந்தால், அது மூக்கோ காதோ தொண்டையோ, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனை அவசரப் பிரிவு. அது சில மணி நேரத்திலேயே சதையை அரித்துவிடும். கேகே மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் பிள்ளைகளுக்கென்றே அவசரப் பிரிவு இருக்கிறது. பேசும் பொம்மை, பாடும் வாழ்த்து அட்டை, இதிலெல்லாம் அந்த பேட்டரி இருக்கிறது. உங்கள் பாடச் சாமான்களையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

மூக்கில் இரத்தம் வந்தால் நம் வீடுகளில் எல்லாரும் தலையை அண்ணாந்து பார்க்கச் சொல்வோம். தப்பு, இரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்தி வரும். முன்னால் குனியவைத்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை இரண்டு விரலால் பிடித்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுநடுவே திறந்து பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் பிழை. பத்து நிமிடத்தை எப்படி ஓட்டுவது என்கிறீர்களா? மற்ற ஐந்து பேரையும் ஒன்றிலிருந்து அறுநூறு வரை தமிழில் எண்ணவிடுங்கள். நூற்றுக்குமேல் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது உங்களுக்கும் தெரிந்துவிடும்.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து கொடுப்பது, இரும்பைப் பிடிக்கவைப்பது, பல்லுக்கு நடுவில் கரண்டி வைப்பது, இதில் ஒன்றும் செய்யாதீர்கள். சாவிக்கொத்தால் ஒரு பயனும் இல்லை, கரண்டியால் பல் உடையும், மூச்சு அடைக்கும். சுற்றியிருக்கும் மேசை நாற்காலியைத் தள்ளி, தலைக்கு அடியில் மெத்தென்று ஏதாவது வைத்து, முடிந்தவுடன் பக்கவாட்டில் திருப்பிப் படுக்கவையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலும், முதல் முறையாக வருவதாக இருந்தாலும் 995க்கு அழைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மற்ற பிள்ளைகளை அடுத்த அறைக்கு அனுப்பிவிடுங்கள், எழுந்ததும் அந்தப் பிள்ளை பார்க்கும் முகங்கள் பயந்த முகங்களாக இருக்கக் கூடாது.

வாந்தி பற்றி ஒரு வரி: கையுறை போட்டுத் துடையுங்கள், அப்புறம் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். வயிற்றுப்போக்கு, வாந்தி பரப்பும் கிருமிகள் சிலவற்றுக்குக் கைத்தூய்மி திரவம் அவ்வளவாக வேலை செய்யாது.

செங்காங், பாலர் பள்ளி ஆசிரியை: “திங்கட்கிழமைகளில் வட்டமாக உட்கார்ந்து, வார இறுதியில் என்ன செய்தீர்கள் என்று சொல்லச் சொல்வேன். ஒரு குழந்தை, ‘அப்பா அம்மாவ அடிச்சாங்க, அம்மா பாத்ரூம்ல தூங்குனாங்க’ என்றது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான், ‘சரி, அடுத்து யாரு?’ என்று கேட்டுவிட்டேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.”

இந்த மாதம் வந்த கடிதங்களில் நான் அதிக நேரம் கையில் வைத்திருந்தது இதுதான்.

நீங்கள் கேட்டது ஒன்றும் கொடுமை இல்லை, அம்மா. வட்டத்தின் நடுவில் வைத்து, “அப்புறம் என்ன ஆச்சு?” என்று தோண்டிக் கேட்டிருந்தால்தான் கொடுமை. இருபது பிள்ளைகள் அன்று மாலை வீட்டுக்குப் போய் இருபது விதமாகச் சொல்லியிருப்பார்கள். ஆனால் “சரி” என்பதற்கும் “அடுத்து” என்பதற்கும் நடுவில் ஒரு வாக்கியம் விட்டுப்போய்விட்டது. “நீ சொன்னதை டீச்சர் கேட்டுட்டேன், அப்புறம் நாம ரெண்டு பேரும் பேசலாம்.” அந்தப் பிள்ளைக்குத் தேவைப்பட்டது அதுதான்.

இன்னும் ஒன்றும் கைமீறவில்லை. நாளைக்கே ஓவிய நேரத்திலோ சாப்பாட்டு நேரத்திலோ பக்கத்தில் உட்கார்ந்து, “அன்னிக்கு நீ ஒண்ணு சொன்னியே” என்று மட்டும் ஆரம்பித்துவிட்டுப் பேசாமல் இருங்கள். பேசினால் கேளுங்கள். நீங்களாக எதையும் சொல்லிக்கொடுக்காதீர்கள், ‘அப்பா கையாலயா அடிச்சாரு, பெல்ட்டாலயா?’ என்கிற மாதிரிக் கேள்வி வேண்டாம். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியமும் செய்யாதீர்கள், ஏனென்றால் நீங்கள் சொல்லத்தான் வேண்டும். பிள்ளையின் வார்த்தைகளை அப்படியே, திருத்தாமல், தேதி நேரத்தோடு எழுதி அன்றே உங்கள் நிலையத் தலைவரிடம் கொடுங்கள். மேலே செய்ய வேண்டியதற்கு முறை இருக்கிறது, அது உங்கள் தலையில் தனியாக விழாது. அங்கே காது கொடுத்துக் கேட்கவில்லை என்றால், குடும்ப வன்முறைக்கான தேசிய உதவி எண் 1800-777-0000, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். அந்த எண் அந்தத் தாய்க்கும் உதவும், ஆனால் அதைத் துண்டுச்சீட்டில் எழுதிப் பிள்ளையின் பையில் போட்டுவிடாதீர்கள், பையை யார் திறப்பார் என்று நமக்குத் தெரியாது.

நம் ஆட்களில் சிலர், குடும்ப விஷயம், நாம் ஏன் தலையிட வேண்டும் என்பார்கள். ஊருக்குள் ஒரே தமிழ் வட்டம், கோயிலில் பார்ப்போம், தேக்கா சந்தையில் பார்ப்போம், நாளைக்கு முகத்தைப் பார்க்க வேண்டுமே என்ற தயக்கம். எனக்கும் இருந்திருக்கிறது. ஒருமுறை தயங்கி இரண்டு வாரம் சும்மா இருந்தேன். அந்த இரண்டு வாரத்தை நான் யாரிடமும் பெருமையாகச் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை வட்டத்தை நிறுத்திவிடாதீர்கள். கேள்வியை மட்டும் கொஞ்சம் மாற்றுங்கள், ‘என்ன செய்தீர்கள்’ என்பதை ‘என்ன சாப்பிட்டீர்கள்’ என்று. சொல்ல நினைக்கும் பிள்ளை அதிலும் சொல்லும். சொல்ல ஒன்றுமில்லாத பிள்ளைக்கும், எங்கேயும் கூட்டிப்போக ஆள் இல்லாத பிள்ளைக்கும் பரோட்டாவாவது இருக்கும்.

பிடோக், தொடக்கநிலை 2 ஆசிரியர்: “வகுப்புக்குள் மைனா வந்துவிட்டது. அரை மணி நேரம் பாடம் போச்சு. என்ன செய்வது?”

விசிறியை நிறுத்துங்கள், எல்லா ஜன்னலையும் திறங்கள், விளக்கை அணையுங்கள், பிள்ளைகளைத் தரையில் உட்காரவைத்து வாயை மூடச் சொல்லுங்கள். வெளிச்சம் இருக்கும் பக்கம் அதுவே போய்விடும். போன பிறகு “மைனா என்ன செய்தது?” என்று கேளுங்கள். பறந்தது, மோதியது, உட்கார்ந்தது, பார்த்தது, கத்தியது, போய்விட்டது. என் வகுப்பில் ஒருத்தி “சாரின் பாட நூல் மேல ஆய் போச்சு” என்றும் சேர்த்துக்கொண்டாள். நான் அப்போது சாருக்குப் பதிலாக வந்த டீச்சர், நூலும் அவருடையது, அதனால் இறந்தகால வினைமுற்று ஏழு என்று பலகையில் எழுதிவிட்டு நூலைத் துடைக்காமல் அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.